டெர்மினலைத் தொடாமல் உபுண்டுவை நடத்த முடியுமா?

வந்த கேள்வி இது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பாவின் பழைய மடிக்கணினியில் மகள், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு வேலை வெளியூரில். அப்பாவுக்கு டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது ஒத்துவராது. "மவுஸை வைத்துக்கொண்டே மென்பொருள் போட, எடுக்க, அப்டேட் செய்ய வழி உண்டா? மெனுவில் வீடியோ பார்க்கும் விஎல்சி இரண்டு ஐகானாக நிற்கிறது, ஏன்? அப்பா தன் பழைய கட்டுரைகளை ஸ்கேன் செய்து எழுத்தாக்க ஜி-இமேஜ்ரீடர் போட்டோம். அதில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது, தமிழைக் காணோம். உபுண்டுவின் மென்பொருள் கடையான ஆப் சென்டரில் தேடினாலும் வரவில்லை. இணையத்தில் கிடைக்கும் டெப் கோப்பை டபுள் கிளிக் செய்யலாமா?"

முடியும். எல்லாவற்றையும் மவுஸிலேயே செய்யலாம். டெர்மினல் தெரியாதவர் லினக்ஸுக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் அப்பாவுக்குத் தேவை அவருடைய கட்டுரைகள் எழுத்தாவது. அதற்கு எந்த வழி சுலபமோ அதுதான் சரியான வழி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்துக்குப் போய், ஒரு கோப்பை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்துவோம். அந்தத் தளம் உண்மையானதா என்று பார்ப்பது நம் பாடு. உபுண்டு, அதற்கு அடித்தளமான டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் (இவற்றை வழங்கல்கள் என்பார்கள்) நடைமுறை தலைகீழ். வழங்கலை உருவாக்குகிறவர்களே ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி, டிஜிட்டல் கையொப்பமிட்ட பட்டியலோடு ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ன் களஞ்சியத்தில் 69,830-க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. உபுண்டுவின் களஞ்சியத்தில் பெரும்பகுதி டெபியனிலிருந்து வருவதுதான். நீங்கள் திறக்கும் ஆப் சென்டரோ, பின்னால் சொல்லப்போகும் சினாப்டிக்கோ, லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வழங்கலின் சாஃப்ட்வேர் மேனேஜரோ, எல்லாமே அந்தக் களஞ்சியத்தைப் பார்க்கும் ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் தெரிவது இன்னொன்றில் தெரியாமல் போகலாம். அதனால் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொதி எங்கிருந்து வருகிறது?

இரண்டு விஎல்சிக்கு வருவோம். உபுண்டுவில் பல மென்பொருள்கள் இரண்டு வடிவில் கிடைக்கின்றன. ஒன்று டெப் பொதி. டெபியன் காலத்திலிருந்து வரும் பழைய முறை இது. மென்பொருளுக்கு வேண்டிய துணை நூலகங்களைக் கணினி முழுவதும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும், அளவு சிறியது. இன்னொன்று ஸ்னாப். உபுண்டுவை நடத்தும் கேனானிகல் நிறுவனம் கொண்டுவந்தது. மென்பொருள் தனக்கு வேண்டியதில் பெரும்பாலானதைத் தன்னோடு சுமந்துகொண்டு வரும், ஒரு வேலிக்குள் ஓடும், தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆப் சென்டர் வழியாக ஒரு முறையும் வேறு வழியாக ஒரு முறையும் நிறுவியிருப்பீர்கள். ஒன்று ஸ்னாப், ஒன்று டெப். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ஸ்னாப் விஎல்சி தன் அமைப்புகளை ஹோம் அடைவில் (பயனரின் சொந்த ஃபோல்டர்) உள்ள ஸ்னாப் என்ற அடைவுக்குள் வைத்துக்கொள்ளும். டெப் விஎல்சி மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவில் வைக்கும். அதனால்தான் ஒன்றில் அப்பா மாற்றிவைத்த எழுத்தளவு இன்னொன்றில் பழையபடியே இருக்கும். அவரும் கணினி மறந்துவிட்டது என்று நினைப்பார். ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை வைப்பது என்று கேட்டால், விஎல்சி போன்ற அன்றாட மென்பொருளுக்கு டெப் போதும் என்பது என் கருத்து. பென் டிரைவில் இருக்கும் கோப்பு சில ஸ்னாப்களுக்கு, தனியாக அனுமதி கொடுக்காதவரை, கண்ணில் படாது. புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகளையும் அவை திறக்காது. பாதுகாப்புக்காக வைத்த வேலிதான். ஆனால் வயதானவர் ஒருவருக்கு "பென் டிரைவ் செருகியிருக்கிறேன், படம் வரவில்லையே" என்பதாகத்தான் அது வந்து சேரும்.

நிறுவியது எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது. ஆப் சென்டரில் தேடிய பிறகு மேலே ஒரு வடிகட்டி இருக்கிறது. முதலில் அது ஸ்னாப் பொதிகளை மட்டும்தான் காட்டும். அதைச் சொடுக்கி டெபியன் பொதிகள் என்று மாற்றினால் இன்னொரு பட்டியல் வரும். இந்த ஒரு சொடுக்கு தெரியாமல் "உபுண்டுவில் அந்த மென்பொருளே இல்லை" என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபயர்பாக்ஸ் உலாவி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஃபயர்பாக்ஸைப் பாருங்கள்: 22.04 முதல் உபுண்டு அதை ஸ்னாப்பாகவே தருகிறது. அந்தப் பெயரில் இருக்கும் டெப் பொதியை நிறுவினாலும் பின்னால் ஸ்னாப்தான் வந்து உட்காரும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், அப்பாவுக்கு அதனால் தொல்லை இல்லை.

யூடியூபில் பார்த்த விளக்கத்தில் இருக்கும் ஜன்னல் உங்கள் திரையில் இல்லையே என்று குழம்பியிருக்கலாம். தவறு உங்களுடையது அல்ல. உபுண்டு இந்த ஜன்னலைப் பலமுறை மாற்றியிருக்கிறது. 2004-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே சினாப்டிக் கூடவே வந்தது. 2009 அக்டோபரில் 9.10 பதிப்பில் உபுண்டு சாஃப்ட்வேர் சென்டர் வந்தது. 2011-ல் 11.10 பதிப்பில் சினாப்டிக்கை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்தார்கள். 2016-ல் சாஃப்ட்வேர் சென்டர் போய் க்னோம் சாஃப்ட்வேர், 2020-ல் ஸ்னாப் ஸ்டோர், 2023 அக்டோபரில் இப்போதைய ஆப் சென்டர். நடுவில் சில சறுக்கல்களும் நடந்தன. 24.04 வெளியானபோது, இறக்கி வைத்த டெப் கோப்பை டபுள் கிளிக் செய்தால் ஆப் சென்டரால் அதை நிறுவ முடியவில்லை. பிறகு வந்த அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள். எனவே எந்த விளக்கத்தைப் பார்த்தாலும் அது எந்த ஆண்டுக்கானது என்று முதலில் பாருங்கள்.

இப்போது காணாமல்போன தமிழ். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் மொழிக்காரர்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஆப் சென்டர் போன்ற கடைகள் களஞ்சியத்தில் இருக்கும் எல்லாப் பொதிகளையும் காட்டுவதில்லை. ஐகான், விளக்கம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்ந்த ஒரு தகவல் அட்டை, ஆப்ஸ்ட்ரீம் என்று பெயர், அது எந்தப் பொதிக்கு இருக்கிறதோ அதைத்தான் காட்டும். மெனுவில் ஐகானாக வந்து நிற்கும் மென்பொருள்களுக்கு அந்த அட்டை இருக்கும். எழுத்துணரிக்கான மொழித் தரவு, பின்னணியில் ஓடும் நூலகம் போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருக்காது. கடைக்காரர் முகப்பில் அடுக்கியது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும், உள்ளே கிடங்கில் இருப்பது தெரியாது என்பது போல. ஜி-இமேஜ்ரீடர் என்பது வெறும் முகப்பு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது டெசரக்ட் என்ற இயந்திரம். டெசரக்டை நிறுவினால் ஆங்கிலத் தரவு மட்டும் கூட வரும். தமிழ்த் தரவு தனிப் பொதி. அது கிடங்கில் பத்திரமாக இருக்கிறது, முகப்பில்தான் இல்லை.

கிடங்கைத் திறக்கும் சாவிதான் சினாப்டிக். 2001 வாக்கில் பிரேசிலின் கோனெக்டிவா என்ற லினக்ஸ் நிறுவனத்தில் உருவான கருவி. தோற்றம் பழசு. பெரிய ஐகான்கள், நட்சத்திர மதிப்பீடுகள் எதுவும் கிடையாது, வரிவரியாகப் பட்டியல் மட்டும்தான். ஆனால் டெப் பொதிகளைப் பொறுத்தவரை மவுஸில் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு ஈடான கருவி இன்றுவரை வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆப் சென்டரில் டெபியன் பொதிகள் வடிகட்டியை வைத்துக்கொண்டு சினாப்டிக் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், நிறுவுங்கள். திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும். கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் கேட்கிறது என்று அர்த்தம்.

திறந்ததும் முதல் வேலை, இடது மேல் மூலையில் இருக்கும் ரீலோட். களஞ்சியத்தின் இன்றைய பட்டியலை அது இறக்கிக்கொள்ளும். இதைச் செய்யாமல் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு நிறுவப் போனால் "கோப்பு கிடைக்கவில்லை" என்று பிழை வரும். பிறகு சர்ச் பொத்தானை அழுத்தி, டெசரக்ட் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். நீளமான பட்டியல் விரியும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. பச்சைப் பெட்டி என்றால் ஏற்கெனவே நிறுவியாயிற்று, வெள்ளை என்றால் இன்னும் இல்லை. மற்றக் குறிகளுக்கெல்லாம் பொருள் ஹெல்ப் மெனுவில் ஐகான் லெஜண்ட் என்ற இடத்தில் படத்தோடு இருக்கிறது. உலக மொழிகள் எல்லாம் வரிசையாக நிற்கும் அந்தப் பட்டியலில் டி-ஏ-எம் என்ற மூன்றெழுத்தில் முடியும் வரி ஒன்று இருக்கும். அதுதான் தமிழ். பெட்டியைச் சொடுக்கி, மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுவரை கணினியில் எதுவும் மாறவில்லை, குறித்துவைத்திருக்கிறோம், அவ்வளவே. மேலே அப்ளை அழுத்தியதும் ஒரு சுருக்கப் பட்டியல் வரும்: எவையெல்லாம் புதிதாக நிறுவப்படும், எவை நீக்கப்படும், எத்தனை எம்பி இறங்கும். படித்துவிட்டு மறுபடி அப்ளை. முடிந்ததும் ஜி-இமேஜ்ரீடரை மூடித் திறந்தால், எழுத்துணரும் பொத்தானுக்குப் பக்கத்து மொழிப் பட்டியலில் தமிழ் வந்திருக்கும். கட்டுரையில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் பல மொழி என்ற தேர்வில் இரண்டையும் சேர்த்துக் குறிக்கலாம். ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் புள்ளியும் கொம்பும் குழம்பிவிடும்.

தட்டச்சும் இதே கதைதான். தமிழ்நெட் 99 விசைப்பலகை உபுண்டுவிலேயே இருக்கிறது. அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். உச்சரிப்பு முறையில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்க வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் என்ற பொதி தேவை. சினாப்டிக்கில் அதே முறையில் போடுங்கள், ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். அதன் பிறகு கீபோர்டு பட்டியலில் தமிழின் கீழ் உச்சரிப்பு, தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி எல்லாம் நிற்கும். உங்கள் அப்பா பழைய தட்டச்சுப்பொறியில் பழகியவர் என்றால் கடைசியில் சொன்னது அவருக்குக் கைவந்த கலையாக இருக்கும்.

மேலே சொன்ன சுருக்கப் பட்டியலைப் படிக்கச் சொன்னேன் அல்லவா, அதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். டெப் பொதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. ஒன்றை நீக்கினால் அதை நம்பியிருந்தவை எல்லாம் சேர்ந்து போகும். உதாரணத்துக்கு, "பைத்தான் நமக்கு எதற்கு, நாம் நிரல் எழுதப்போவதில்லையே" என்று பைத்தான் 3-ஐ நீக்கக் குறித்தால், நீக்கப்படும் பட்டியலில் ஐகான், மெனு, ஜன்னல் எல்லாம் தரும் மேசைச் சூழலே வந்து நிற்கும். சினாப்டிக் அதை மறைக்காமல் காட்டும். படிக்காமல் அப்ளை அழுத்தினால் அடுத்த முறை கணினி திறக்கும்போது வெறும் கறுப்புத் திரைதான்.

இது கற்பனையான ஆபத்து அல்ல. 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். களஞ்சியத்தில் இருந்த பொதியில் அந்த நேரத்தில் ஒரு சார்புக் கோளாறு. வரைகலைக் கடை நிறுவ மறுத்துப் பிழை காட்டியது. அவர் டெர்மினலுக்குப் போய் அதே பொதியை நிறுவக் கட்டளையிட்டார். மேசைச் சூழலை நீக்கப்போகிறேன், உறுதியென்றால் இந்த வாக்கியத்தைத் தட்டு என்று டெர்மினல் கேட்டது. அவர் தட்டினார். மேசைச் சூழல் முழுதும் போயிற்று. அதற்குப் பிறகு, டெப் பொதிகளை நிறுவவும் நீக்கவும் பின்னால் வேலை செய்யும் ஏபிடி கருவியையே மாற்றி, அப்படி ஒரு வாக்கியத்தைத் தட்டி மீறும் வழியை எடுத்துவிட்டார்கள். இந்தச் சம்பவத்தைச் சொல்லி லினக்ஸைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு: அன்று சரியாக நடந்துகொண்டது வரைகலைக் கடைதான். ஜன்னல் ஒன்று "முடியாது" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். இணையத்தில் யாரோ எழுதிய கட்டளையை எடுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். ஒரு நாள் பொறுத்து ரீலோட் செய்து பாருங்கள். பாதி நேரம் அதற்குள் சரிசெய்திருப்பார்கள்.

டெப் கோப்பை டபுள் கிளிக் செய்யலாமா? செய்யலாம், ஆனால் மூன்றாவது வழியாகத்தான். முதலில் களஞ்சியத்தில் தேடுங்கள், பிறகு ஸ்னாப்பில் பாருங்கள், இரண்டிலும் இல்லையென்றால் மட்டும், மென்பொருளை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். கூகுள் குரோம் இதற்கு நல்ல உதாரணம். அதன் டெப் கோப்பை நிறுவியதும், கூகுளின் களஞ்சியமும் உங்கள் கணினியின் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்த அப்டேட்கள் மற்ற அப்டேட்களோடு சேர்ந்தே வரும். எல்லா நிறுவனமும் இப்படிச் செய்வதில்லை. சிலரின் டெப் கோப்பை நிறுவினால் அது அன்றைக்கு இருந்த பதிப்பிலேயே நின்றுவிடும், பாதுகாப்பு ஓட்டை வந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தெந்த வெளிக் களஞ்சியங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் என்ற ஜன்னலில், அதர் சாஃப்ட்வேர் என்ற தாவலில் பார்க்கலாம். வேண்டாததற்கு டிக்கை எடுத்துவிடலாம். அதே ஜன்னலின் முதல் தாவலில், பதிவிறக்கும் சர்வரை அருகில் இருப்பதாக மாற்றும் வசதியும் இருக்கிறது. இணையம் மெதுவாக இருக்கும் ஊரில் அதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மெதுவான இணையம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் நாலு கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இணைய இணைப்புக்கு விண்ணப்பித்திருந்தார்கள், இதோ வரும் என்று சொல்லிக்கொண்டே மாதங்கள் போயின. பிள்ளைகளுக்கு வரைய ஒரு மென்பொருள், தமிழ் எழுத்துருக்கள், ஒரு தட்டச்சுப் பயிற்சி, இவை வேண்டும். சினாப்டிக்கில் வேண்டியதை எல்லாம் குறித்துவிட்டு, ஃபைல் மெனுவில் ஜெனரேட் பேக்கேஜ் டவுன்லோட் ஸ்கிரிப்ட் என்பதை அழுத்தினேன். இறக்க வேண்டிய பொதிகளின் முகவரிகள் எல்லாம், துணைப் பொதிகளும் சேர்த்து, ஒரே கோப்பில் வந்தன. அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இணையம் உள்ள கணினியில் இறக்கி, மறுநாள் நூலகத்தில் அதே மெனுவின் ஆட் டவுன்லோடட் பேக்கேஜஸ் வழியாக ஏற்றினேன். நாலு கணினியிலும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. மாலையில் ஒரு சிறுமி டக்ஸ் பெயின்டில் மயில் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டுக் கணினியில் அந்த ஸ்கிரிப்டை ஓட்ட ஒரு முறை டெர்மினல் திறக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதை நான் செய்தேன், நூலகர் செய்யவில்லை. உங்கள் அப்பாவின் ஊரிலும் இணையம் படுத்தால், நீங்கள் ஊருக்குப் போகும்போது இதைச் செய்யலாம். தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினி யாரிடமாவது இருந்து, அதில் பாஸ் லினக்ஸ் இன்னும் ஓடினால், அதுவும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். அங்கும் சினாப்டிக் இதே மாதிரி வேலை செய்யும்.

அப்டேட் விஷயத்தில் அப்பாவுக்கு முன்கூட்டியே இரண்டு செய்திகளைச் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு உங்களுக்குப் போன் வரும். ஒன்று, ஸ்னாப் தானே புதுப்பித்துக்கொள்ளும். நாளுக்கு நாலு முறை பார்க்கும். ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போது புதிய பதிப்பு வந்தால், செயலியை மூடுங்கள், இத்தனை நாள் மிச்சம் என்று ஒரு அறிவிப்பு வரும். கணினி கெட்டுப்போகப்போகிறது என்று அவர் பயப்பட வேண்டாம். ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திறந்தால் போதும். இரண்டு, டெப் பொதிகளுக்கான அப்டேட்டை சாஃப்ட்வேர் அப்டேட்டர் என்ற ஜன்னல் கேட்கும். அதற்கு இன்ஸ்டால் நவ் அழுத்தலாம். ஆனால் அந்த நேரத்தில் சினாப்டிக்கோ ஆப் சென்டரோ எதையாவது நிறுவிக்கொண்டிருந்தால், வேறு நிரல் பூட்டி வைத்திருக்கிறது என்று பிழை வரும். பொதிகளின் பதிவேட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால் இந்தப் பூட்டு. காத்திருந்தால் தானே திறக்கும். இதற்கும் இணையத்தில் "பூட்டுக் கோப்பை அழித்துவிடு" என்று ஒரு கட்டளை சுற்றுகிறது. செய்யாதீர்கள். அப்டேட் நடுவில் இருக்கும்போது அதைச் செய்தால் பொதிகள் அரைகுறையாக நிற்கும். அப்படி நின்றுவிட்டால் சினாப்டிக்கின் எடிட் மெனுவில் ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ் என்று இருக்கிறது, பல நேரம் அதுவே கரையேற்றிவிடும்.

உபுண்டு புரோ என்றும் ஒரு அறிவிப்பு வரலாம். விளம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். உபுண்டுவின் களஞ்சியத்தில் மெயின் என்ற பகுதிக்கு ஐந்து ஆண்டுக்குக் கேனானிகல் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. யுனிவர்ஸ் என்ற பெரிய பகுதியைச் சமூகம் பராமரிக்கிறது. ஜி-இமேஜ்ரீடர் அதில்தான் இருக்கிறது. புரோவில் சேர்ந்தால் யுனிவர்ஸுக்கும் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு 5 கணினிகள் வரை இலவசம்.

கடையில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் நம்பிவிட வேண்டாம். ஆப் சென்டர் காட்டும் ஸ்னாப்கள் வருவது ஸ்னாப் ஸ்டோரிலிருந்து. அங்கே யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். 2018 மே மாதம் 2048 விளையாட்டின் பெயரில் வந்த ஒரு ஸ்னாப், பின்னால் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது தெரியவந்து நீக்கினார்கள். 2023-லும் 2024-லும் போலி கிரிப்டோ பணப்பைகள் அங்கே நுழைந்து சிலரின் பணத்தைக் கொண்டுபோயின. அதன் பிறகு புதுப் பெயர்களை ஆட்களே சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் பதிப்பாளர் யார், சரிபார்த்த டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதையும் இந்தக் கடைகளில் தேடி நிறுவ வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வங்கி வேலைக்கு உலாவியில் வங்கியின் தளத்தைத் திறந்தால் போதும்.

ஃபிளாட்பேக் என்று மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு. பல வழங்கல்களில் அதுதான் முதன்மை. உபுண்டுவில் இயல்பாக வராது. உங்கள் அப்பாவின் கணினிக்கு அது வேண்டாம், இருக்கும் இரண்டு வகையே குழப்பத்துக்குப் போதும். புதிதாக இன்னொரு கணினியில் போடப் போகிறீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பாருங்கள். அதன் சாஃப்ட்வேர் மேனேஜர் ஒரே பக்கத்தில் இது சிஸ்டம் பொதி, இது ஃபிளாட்பேக் என்று பிரித்துத் தேர்ந்தெடுக்க விடுகிறது. 2024-ல் வந்த மின்ட் 22, சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பாக மறைத்தே வைக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பொருத்தமான முடிவு என்பேன். ஏற்கெனவே போட்டுப் பழகிவிட்ட உபுண்டுவை இதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

நீக்குவது பற்றிக் கொஞ்சம். விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தன் நீக்கியைத் தானே கொண்டுவரும், எச்சத்தை விட்டுப்போகும். இங்கே பொதி மேலாளருக்கு எந்தக் கோப்பு எந்தப் பொதியுடையது என்று தெரியும் என்பதால் நீக்கம் சுத்தமாக இருக்கும். சினாப்டிக்கில் இரண்டு வகை நீக்கம் உண்டு: சாதாரண நீக்கம் மென்பொருளை எடுத்துவிட்டு, கணினி அளவிலான அமைப்புக் கோப்புகளை வைத்திருக்கும். முழு நீக்கம் அதையும் எடுத்துவிடும். அப்பாவின் ஹோம் அடைவில் இருக்கும் கட்டுரைகளை இரண்டுமே தொடாது. ஸ்னாப்பை நீக்கினால் அதன் தரவின் நகல் 31 நாள் வரை கணினியில் இருக்கும். அதனால் நீக்கியும் வட்டில் இடம் உடனே திரும்பவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டைம்ஷிஃப்ட் என்ற பொதியையும் சினாப்டிக்கில் போட்டு, வாரம் ஒரு முறை நகலெடுக்கும்படி வைத்துவிட்டு வாருங்கள். அமைப்புக் கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப அது உதவும். கட்டுரைகளை அது காக்காது, அவற்றுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ் நகல் வேண்டும். அதையும் தாண்டி ஏதாவது கோளாறு வந்தால், அப்பாவை சினாப்டிக்கில் ஃபைல் மெனுவுக்குப் போய் ஹிஸ்டரி திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கருவி வழியாக எந்தத் தேதியில் என்னென்ன நிறுவப்பட்டது, நீக்கப்பட்டது என்று வரிசையாக இருக்கும். கோளாறு தொடங்கிய தேதியைச் சொடுக்கி, திரையைப் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதை எனக்குக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.